அம்புக்குறியில் ஓடுவது என்ன? இலக்கமுறை வீச்சப் பண்பேற்றத்தின் கட்ட வரிப்படங்களை வாசித்தல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இலத்திரனியலும் தொடர்பாடலும் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேர் இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், அம்பாறையில் ஹாடி தொழினுட்ப நிறுவனம். பாடசாலைகளில் உயர்தரத்துக்குப் பொறியியல் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமே வந்துவிட்டது. இவர்களில் யாரிடமாவது வீச்சப் பண்பேற்றத்தின் கட்ட வரிப்படத்தை வரையச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிடுவார்கள். நாலைந்து பெட்டி, நடுவே ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறி, கீழிருந்து அதற்குள் போகும் ஓர் அம்பு, கடைசியில் ஓர் அன்ரனா. ஆனால் இரண்டாவது பெட்டிக்கும் மூன்றாவது பெட்டிக்கும் இடையில் உள்ள அம்பைத் தொட்டு, "இந்த இடத்தில் கம்பியில் என்ன இருக்கிறது? எத்தனை வோல்ற், எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

பிழை பிள்ளைகளில் இல்லை. கையில் கிடைக்கிற குறிப்புகள் பெட்டிகளைத்தான் விளக்குகின்றன. இது அலையாக்கி, இது பெருக்கி, இது வடிகட்டி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பெட்டிக்குள் நடப்பது ஒரு செயல். அந்தச் செயலுக்கு முன்னும் பின்னும் சமிக்ஞை எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் செயலைப் பாடமாக்கி ஒரு பயனும் இல்லை. சமிக்ஞை இருப்பது அம்புகளில். ஒரு கட்ட வரிப்படத்தை வாசிப்பது என்றால், ஒவ்வோர் அம்பின் மேலும் அங்கே தெரியக்கூடிய அலையைப் பென்சிலால் வரைந்துகொண்டு போவதுதான். அப்படிப் போனால், இந்தப் பெட்டி ஏன் இங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன கெடும் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

றிமோட்டில் இருந்து தொடங்குவோம்

அனுப்ப வேண்டிய பிட்டுகளுக்கு ஏற்றபடி செய்தியைச் சுமந்து செல்லும் ஒரு காவி அலையின் வீச்சத்தை, அதாவது உயரத்தை, மாற்றுவதே இலக்கமுறை வீச்சப் பண்பேற்றம். சுருக்கமாக ஏ.எஸ்.கே என்பார்கள். 1 என்றால் பெரிய வீச்சம், 0 என்றால் சிறிய வீச்சம். அந்தச் சிறிய வீச்சத்தைப் பூச்சியமாகவே வைத்து, காவி அலையை ஓட விடுவது அல்லது நிறுத்துவது என்று ஆக்கிவிட்டால் அது ஓ.ஓ.கே. வீட்டு ரீவி றிமோட் செய்வது இந்த வேலைதான். அதனால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

பல றிமோட்டுகள் என்.ஈ.சி முறையைப் பின்பற்றுகின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் 32 பிட்டுகள் போகின்றன: கருவியின் முகவரி 8, அதே முகவரி தலைகீழாக (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0) 8, கட்டளை 8, கட்டளை தலைகீழாக 8. படத்தின் முதல் அம்பில் இருப்பது இதுதான், வெறும் எண்கள். இவற்றுக்கு இன்னும் நேரமும் இல்லை, வோல்ற்றளவும் இல்லை.

அடுத்த பெட்டி குறிமுறையாக்கி. அதைத் தாண்டிய அம்பில் எண்கள் துடிப்புகளாகிவிடுகின்றன. 0 என்றால் 562.5 மைக்ரோசெக்கன் மேலே, அடுத்து அதே அளவு நேரம் கீழே. 1 என்றால் 562.5 மைக்ரோசெக்கன் மேலே, அடுத்து 1.6875 மில்லிசெக்கன் கீழே. இரண்டுக்கும் மேலே நிற்கும் நேரம் ஒன்றுதான். வித்தியாசம் இடைவெளியின் நீளத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் 9 மில்லிசெக்கன் நீளத் துடிப்பு ஒன்றும் 4.5 மில்லிசெக்கன் இடைவெளி ஒன்றும். இப்போது அம்பில் நேரம் வந்துவிட்டது. தலைகீழ்ப் பிரதியையும் சேர்த்து அனுப்புவதால் எந்தக் கட்டளை என்றாலும் பதினாறு 1, பதினாறு 0 வந்தே தீரும். அதனால் முடிவைக் காட்டும் கடைசித் துடிப்பை விட்டுப் பார்த்தால், முழுச் செய்தியும் எப்போதும் 67.5 மில்லிசெக்கனில் முடிகிறது. பெட்டிக்குப் பேர் எழுதிவிட்டு நகர்கிறவருக்கு இந்த அழகு தெரியாமலே போய்விடும்.

கீழிருந்து வருகிற அம்பு காவி அலை. றிமோட்டில் இதன் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை சுற்று என்பது) வழமையாக 38 கிலோஹேர்ட்ஸ். துடிப்பும் காவி அலையும் பெருக்கல் வட்டத்துக்குள் சேர்கின்றன. துடிப்பு மேலே இருக்கும்போது பெருக்கும் எண் 1, காவி அலை அப்படியே வெளியே வரும். துடிப்பு கீழே இருக்கும்போது பெருக்கும் எண் 0, ஒன்றும் வராது. ஆக, படத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தாலும் பலகையில் அது ஒரு திரான்சிஸ்டர் ஆளிதான். கட்ட வரிப்படம் உதிரிப்பாகங்களின் பட்டியல் இல்லை. ஒரு சில்லுக்குள் மூன்று பெட்டிகள் அடங்கியிருக்கலாம், ஒரு பெட்டிக்கு ஒரு பலகை முழுவதும் தேவைப்படலாம். எத்தனை பெட்டியோ அத்தனை பாகம் என்று தேடுகிறவர் றிமோட்டைத் திறந்ததும் குழம்பிப்போவது இதனால்தான்.

போனின் கமராவை இயக்கி, றிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அமுக்குங்கள். பல போன்களில், முக்கியமாக முன்பக்கக் கமராவில், ஊதா நிறத்தில் ஒளி மினுங்குவது தெரியும். அந்த மினுக்கம் 38 கிலோஹேர்ட்ஸ் அலை என்று நினைத்துவிடக்கூடாது. அதைக் கமராவாலும் பிரித்துக் காட்ட முடியாது. செய்தி வந்து வந்து நிற்பதைத்தான் பார்க்கிறீர்கள்.

புத்தகப் படங்கள் அளவுத்திட்டத்தில் ஏமாற்றுவதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒரு பிட்டுக்குள் மூன்று நான்கு காவி அலைகள் போட்டு வரைந்திருப்பார்கள். றிமோட்டில் 562.5 மைக்ரோசெக்கன் துடிப்பு ஒன்றுக்குள் ஏறக்குறைய 21 சுற்று இருக்கிறது. படலை திறக்கவும் வேனின் அலாரத்துக்கும் பாவிக்கிற 433.92 மெகாஹேர்ட்ஸ் றிமோட்டில், துடிப்பு ஒரு மில்லிசெக்கன் நீளம் என்றால், அதற்குள் 4 இலட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று மனதில் பதிந்தால்தான் சமிக்ஞையைப் பெறுகிற வாங்கிப் பக்கத்தில் வரும் வடிகட்டிகள் ஏன் வேலை செய்கின்றன என்று விளங்கும்.

கண்ணுக்குள் இருக்கிற படம்

கல்முனைப் பக்கம் ரீவி திருத்துகிற கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும். றிமோட் பழுதென்று கொண்டுவருகிறவரிடம் கடைக்காரர் போனில் அந்த ஊதா ஒளியைக் காட்டிவிட்டு, "இஞ்ச பாரு தம்பி, றிமோட் நல்லா அடிக்குது. ரீவிக்குள்ள கண்தான் போயிட்டு" என்பார். அந்தக் கண் மூன்று கால் உள்ள சிறிய கறுப்புத் துண்டு. அதன் தரவுத்தாளைத் திறந்தால் உள்ளே ஒரு முழு வாங்கியின் கட்ட வரிப்படம் இருக்கும்: ஒளியை மின்னாக்கும் ஒளி இருவாயி, சமிக்ஞையைப் பெரிதாக்கும் விரியலாக்கி, எவ்வளவு பெரிதாக்குவது என்பதைத் தானே கூட்டிக் குறைக்கும் தன்னியக்க ஈட்டக் கட்டுப்பாடு, பட்டை வடிகட்டி, காவி அலையில் இருந்து துடிப்பைப் பிரித்தெடுக்கும் பண்பிறக்கி, கடைசியில் ஒரு திரான்சிஸ்டர். விலை மலிந்த ஒரு பொருளுக்குள் இவ்வளவும் இருக்கிறது. வீச்சப் பண்பேற்றம் படிக்கிற எவரும் ஒருமுறையாவது அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அம்புகளைப் பிடித்துக்கொண்டு போவோம். ஒளி இருவாயியைத் தாண்டிய அம்பில் றிமோட்டின் சமிக்ஞை மட்டும் இல்லை. மத்தியான வெயில் யன்னலால் வந்து விழுகிறது; அதிலும் அகச்சிவப்பு உண்டு, றிமோட்டைவிடப் பல மடங்கு வலிமையாக. ஆனால் வெயில் துடிப்பதில்லை. அது மாறாத ஒரு நேரோட்டமாகவே நிற்கும். 38 கிலோஹேர்ட்ஸைச் சுற்றியுள்ளதை மட்டும் விடுகிற பட்டை வடிகட்டிக்கு முன்னால் அது செல்லாது. காவி அலை என்று ஒன்று ஏன் வேண்டும், பிட்டுகளை அப்படியே ஒளியாக அனுப்பினால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்கு இதுதான் பதில். அறை முழுவதும் இருக்கிற ஒளியில் இருந்து தன்னுடையதைப் பிரித்தெடுக்க ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் 38 கிலோஹேர்ட்ஸ்.

இலத்திரனியல் சோக்கு உள்ள குழல் விளக்குகள் வேறு கதை. அவற்றின் ஒளி கிலோஹேர்ட்ஸ் கணக்கில் துடிக்கிறது, ஒரு பங்கு வடிகட்டிக்குள்ளேயும் நுழைந்துவிடும். இங்கேதான் படத்தில் பின்னோக்கிப் போகும் ஓர் அம்பைக் கவனிக்க வேண்டும். வடிகட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று வழியாக அது முன்னால் உள்ள ஈட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் திரும்புகிறது. முன்னோக்கிய அம்புகள் சமிக்ஞையைக் காவுகின்றன. பின்னோக்கிய அம்பு காவுவது ஒரு கட்டளை: "இடைவிடாமல் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, அது செய்தியாக இருக்காது, ஈட்டத்தைக் குறை." அப்படிக் குறைந்தால் விளக்கின் தொல்லை அடங்கும், கூடவே றிமோட் எட்டும் தூரமும் குறையும்.

இப்போது செலுத்திப் பக்கத்துக் குறிமுறையாக்கியைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் கட்டாயம் ஓர் இடைவெளி ஏன் வைத்தார்கள்? நிறைய 1 வரும்போது காவி அலையைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால், வாங்கியின் ஈட்டக் கட்டுப்பாடு அதையும் விளக்கின் தொல்லை என்று எண்ணி அடக்கிவிடும். றிமோட்டில் உள்ள ஒரு பெட்டியின் வடிவத்தை, அறையின் மறுபக்கம் ரீவிக்குள் இருக்கும் இன்னொரு பெட்டி தீர்மானித்திருக்கிறது. படத்தில் இவை இரண்டையும் இணைக்கிற கோடு எதுவும் கிடையாது. அம்பில் ஓடுவதை வாசிக்கிறவருக்கு மட்டுமே இந்த உறவு தென்படும்.

பண்பிறக்கியின் வேலை எளிது. சீராக்கி அலையின் கீழ்ப்பாதியை நீக்குகிறது. பிறகு ஒரு தடையியும் கொள்ளளவியும் சேர்ந்து மேல்விளிம்பை மட்டும் (உறை என்பது அதைத்தான்) பின்தொடர்கின்றன. அவற்றின் நேர மாறிலி, அதாவது தடையைக் கொள்ளளவத்தால் பெருக்கி வரும் நேரம், காவி அலையின் ஒரு சுற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 38 கிலோஹேர்ட்ஸ் நெளிவு அப்படியே மிஞ்சும். துடிப்பின் நீளத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துடிப்பே கரைந்துபோகும். றிமோட்டுக்கு எல்லைகள் 26 மைக்ரோசெக்கனும் 562 மைக்ரோசெக்கனும். 10 கிலோஓமும் 10 நனோபரட்டும் போட்டால் 100 மைக்ரோசெக்கன், நடுவில் சரியாக உட்காரும். பரீட்சைத் தாளில் இந்த ஒரு கணக்கை எழுதிக் காட்டுவது, "உறை உணரி உறையை உணர்கிறது" என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

தீர்மானம் எடுக்கிற பெட்டி

இதுவரை பார்த்ததெல்லாம் பழைய வானொலியிலும் உண்டு. மத்திய அலை வானொலியின் படத்திலும் வடிகட்டி, சீராக்கி, ஈட்டக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும். இலக்கமுறை என்று நாம் சொல்வதற்கான காரணம் கடைசியில் வருகிற ஒரே ஒரு பெட்டி. சிலர் அதை ஒப்பீட்டுச் சுற்று என்பார்கள், சிலர் தீர்மானச் சுற்று என்பார்கள். பிள்ளைகள் படத்தில் அடிக்கடி தவற விடுவதும் இதைத்தான்.

வானொலியில் வழியில் சேர்ந்த இரைச்சல் ஒலிபெருக்கி வரை வந்து காதில் விழும். இலக்கமுறை வாங்கியில், தீர்மானப் பெட்டிக்குள் போகும் அம்பில் இரைச்சல் படிந்த, சாய்ந்து நெளிந்த துடிப்பு இருக்கும். வெளியே வரும் அம்பில் சுத்தமான 0 அல்லது 1 மட்டும். நடுவில் ஒரு மட்டம். அதற்கு மேலே என்றால் 1, கீழே என்றால் 0. இரைச்சல் அந்த மட்டத்தைத் தாண்டாதவரை அது இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். தாண்டினால் ஒரு பிட் முழுதாகப் பிழையாகிவிடும். பாதிப் பிழை என்று ஒன்று இந்தப் பெட்டிக்குப் பிறகு கிடையாது.

சரி, அந்த மட்டத்தை எங்கே வைப்பது? ஓ.ஓ.கேக்குப் புத்தகம் சொல்வது பெரிய வீச்சத்தில் பாதி. பெரிய வீச்சம் எவ்வளவு என்பதுதான் சிக்கல். படலை றிமோட்டை ஐந்து மீற்றரில் நின்று அமுக்கினால் ஒரு வீச்சம், தெருமுனையில் நின்று அமுக்கினால் வேறொரு வீச்சம். நிலையான மட்டம் ஒன்றை வைத்தால் பக்கத்தில் வேலை செய்வது தூரத்தில் செய்யாது. வீச்சத்தில் செய்தியை வைக்கிற எந்த முறைக்கும் இது பிறவிக் குணம். தூரத்தால் சிறுத்த 1 எது, உண்மையான 0 எது என்று வாங்கிக்குத் தெரியாது.

மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் வாங்கிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேரே ஒப்பீட்டுச் சுற்றுக்கு விடுகிறார்கள். மற்றதை மெதுவான ஒரு வடிகட்டியால் விட்டுச் சராசரியாக்கி, அந்தச் சராசரியையே மட்டமாக வைக்கிறார்கள். சமிக்ஞை சிறுத்தால் மட்டமும் தானாக இறங்கும். படத்தில் இது ஒரே அம்பு இரண்டாகக் கிளைத்து, ஒரே பெட்டிக்குள் இரு வாசலால் நுழைவது போலத் தெரியும். அதன் விளைவு இரண்டு. ஒன்று, நீளமாக 0 மட்டும் வந்தால் சராசரி இறங்கி இறங்கி இரைச்சலின் மட்டத்துக்கே வந்துவிடும். அதனால்தான் இந்த றிமோட்டுகளில் பாவிக்கும் ஈ.வி.1527 வகைச் சில்லு, 0 வந்தாலும் 1 வந்தாலும் ஒவ்வொரு பிட்டிலும் மேலே ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி வைக்கிறது: ஒன்றுக்கு மூன்று அல்லது மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். 20 பிட் அடையாள இலக்கம், 4 பிட் பொத்தான், மொத்தம் 24. இரண்டாவது விளைவு, யாருமே றிமோட்டை அமுக்காத நேரத்திலும் வாங்கியின் வெளியீடு சும்மா இருக்காது. இரைச்சலின் சராசரியோடு இரைச்சலை ஒப்பிட்டு 0 1 என்று தாறுமாறாகக் கக்கிக்கொண்டே இருக்கும். புதிதாக இந்தத் துண்டை வாங்கி இணைக்கிற பிள்ளைகள் பழுதான சாமான் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதுண்டு. அது பழுது இல்லை. அந்தப் படத்தில் அப்படித்தான் நடக்க வேண்டும்.

அலைகாட்டி இல்லாத வீட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். வாங்கித் துண்டின் வெளியீட்டை இரண்டு தடையிகளால் பத்தில் ஒன்றாகக் குறைத்து, கணினியின் ஒலி உள்ளீட்டில் கொடுத்து, ஒடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் ஒழுங்கற்ற புல்லுக்காடு மாதிரி இரைச்சல். றிமோட்டை அமுக்கிய இடத்தில் அது சட்டென்று அடங்கி, ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒழுங்கான குட்டை நெட்டைத் துடிப்புகள் வரும். குட்டை 0, நெட்டை 1 என்று எண்ணிக்கொண்டே போனால் 24 பிட்டையும் தாளில் எழுதிவிடலாம். அதே செய்தி திரும்பத் திரும்ப வருவதும் தெரியும். ஓர் அம்பில் ஓடுவதைத் தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை அதன் பிறகு அந்தப் படத்தை மறக்காது.

இரண்டு முனையிலும் பெருக்கல்

மேலே சொன்ன வாங்கிகளுக்குக் காவி அலையின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, தெரிய வேண்டியதில்லை. வீச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். புத்தகத்தில் இன்னொரு வாங்கிப் படமும் இருக்கும். அதில் சீராக்கிக்குப் பதில் செலுத்தியில் இருந்த அதே பெருக்கல் வட்டம் வரும். அதற்குள் வாங்கியிலேயே பிறந்த ஒரு காவி அலை நுழையும், பின்னால் தாழ்மீடிறன் வடிகட்டி. பிள்ளைகளைக் குழப்புவது இந்தப் படம்தான். ஏற்கனவே பெருக்கியதை இன்னொரு முறை பெருக்கினால் எப்படிப் பழைய சமிக்ஞை திரும்பி வரும்?

இணைந்த கணிதம் படித்தவருக்கு இதற்கு வேண்டியது ஏற்கனவே கையில் இருக்கிறது. கொசைனைக் கொசைனால் பெருக்கினால், அவற்றின் கூட்டல் கோணத்தின் கொசைனும் கழித்தல் கோணத்தின் கொசைனும் அரைப்பங்கு அரைப்பங்காக வரும். செலுத்தியில் இதைப் போட்டால், காவி அலையின் இருபக்கமும் செய்தி சரிசமமாக விரிகிறது. பக்கப்பட்டைகள் என்பது இவைதான். வாங்கியில் இன்னொரு முறை அதே மீடிறனால் பெருக்கினால், கழித்தல் பக்கம் பூச்சிய மீடிறனுக்கு இறங்கிவிடும், கூட்டல் பக்கம் இரட்டை மீடிறனுக்கு ஏறிவிடும். பெருக்கல் வட்டத்தைத் தாண்டிய அம்பில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே போனதைத் தாழ்மீடிறன் வடிகட்டி தட்டிவிடுகிறது, கீழே வந்தது நமது செய்தி. அந்த வடிகட்டி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் இல்லை.

வாங்கியில் பிறக்கும் காவி அலை, வந்த அலையோடு கட்டத்தில் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? அதே கணக்கு சொல்கிறது: வெளியீடு கட்ட வித்தியாசத்தின் கொசைனால் பெருக்கப்படும். 60 பாகை பிசகினால் பாதி மிஞ்சும். 90 பாகை பிசகினால் ஒன்றுமே இல்லை. அன்ரனாவில் வலிமையான சமிக்ஞை வந்துகொண்டிருக்கும், தீர்மானப் பெட்டியின் வாசலில் பூச்சியம் நிற்கும். காவி அலையை மீட்டெடுக்கும் பெட்டி என்று ஒன்றைப் பக்கத்தில் வரைவது இதற்காகத்தான். வந்த அலையில் இருந்தே மீடிறனையும் கட்டத்தையும் படித்து அது கீழிருந்து ஊட்டுகிறது.

இந்த 90 பாகைப் பூச்சியம் ஒரு வாங்கிக்குக் கேடு. பொறியியலாளர்கள் அதையே முதலாக்கிக்கொண்டார்கள். ஒரே மீடிறனில் இரண்டு காவி அலைகளை 90 பாகை தள்ளி வைத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனி வீச்சப் பண்பேற்றம் செய்து, கூட்டி ஒரே அன்ரனாவால் விட்டால்? முதலாவது அலையால் பெருக்குகிற வாங்கிக் கிளைக்கு இரண்டாவது செய்தி பூச்சியமாகிவிடும், இரண்டாவது கிளைக்கு முதலாவது பூச்சியமாகிவிடும். ஒரே பட்டையகலத்தில் இரண்டு செய்தி. குவாம் என்று சொல்வது இதைத்தான். அதன் கட்ட வரிப்படம் முதன்முதலில் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நடுவே ஒரு கோடு போட்டால் மேலே ஒரு ஏ.எஸ்.கே படம், கீழே ஒரு ஏ.எஸ்.கே படம். தொடக்கத்தில் பிட்டுகளை இரு கிளைக்கும் பங்கிடும் பெட்டி, நடுவில் 90 பாகை தள்ளும் பெட்டி, முடிவில் ஒரு கூட்டல் வட்டம். புதிதாக வந்தவை இவை மூன்றும் மட்டுமே.

16 குவாமில் ஒவ்வொரு கிளையும் இரண்டு பிட் காவுகிறது. அதற்கு வீச்சங்கள் நான்கு: −3, −1, 1, 3. தீர்மானப் பெட்டிக்கு இப்போது ஒரு மட்டம் போதாது. −2, 0, 2 என்று மூன்று வேண்டும். ஆகக்கூடிய வீச்சத்தை மாற்றாமல் வைத்தால், பக்கத்துப் பக்கத்து வீச்சங்களுக்கு இடையிலான தூரம், இரண்டே வீச்சம் இருந்தபோது இருந்ததில் மூன்றில் ஒன்றுதான். 64 குவாமில் கிளைக்கு எட்டு வீச்சம், தூரம் ஏழில் ஒன்று. வேகத்துக்குக் கொடுக்கிற விலை இங்கே, தீர்மானப் பெட்டியின் வாசலில் கொடுபடுகிறது. இரைச்சல் கூடியதில்லை, அதற்கு விட்டிருந்த இடம் ஒடுங்கிவிட்டது.

எங்கே எதைப் பாவிக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். வாடைக் காற்றோடு மாரி மழை அடித்து ஊற்றுகிற நாட்களில் கூரையில் உள்ள டிஷ் ரீவி விட்டுவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் வழமை. செய்மதி ஒளிபரப்புக்கான பழைய டி.வி.பி.எஸ் தரம் செய்தியை வீச்சத்தில் வைக்கவே இல்லை, கட்டத்தில்தான் வைக்கிறது. மழை வீச்சத்தைச் சிறுக்கச் செய்யும். செய்மதியில் உள்ள விரியலாக்கியும் அதன் உச்ச அளவை ஒட்டியே ஓடுவதால் வீச்ச வித்தியாசங்களை நேர்மையாகக் காவாது. இணைய நார் இழையில் நிலைமை நேரெதிர். வீடுகளுக்கு வரும் ஜிபொன் இழையில் 1490 நனோமீற்றர் ஒளியைக் கூட்டிக் குறைத்தே செக்கனுக்கு 2.488 கிகாபிட் இறக்குகிறார்கள். இழைக்குள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, எளிய ஓ.ஓ.கேயே போதும். தட்டிப் பணம் கட்டுகிற வங்கி அட்டையில் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலை அட்டைக்கு மின்சாரத்தையும் கொடுக்கிறது. அந்த அட்டைகளின் தரத்தில் ஏ வகை அலையை முழுதாக நிறுத்தி நிறுத்திச் செய்தி சொல்கிறது, நிறுத்தம் இரண்டு மூன்று மைக்ரோசெக்கன் மட்டும். பி வகை வீச்சத்தைக் கொஞ்சம் மட்டும் குறைத்தே சொல்லிவிடுகிறது, அட்டைக்கு மின் அறுவதே இல்லை. இரண்டும் ஏ.எஸ்.கேதான், படமும் ஒன்றுதான். மாறுவது பெருக்கும் எண்.

4ஜி இணைப்பில்தான் படம் முழுமை அடைகிறது என்று சொல்வேன். புத்தகத்தில் செலுத்தி இடப்பக்கம், வாங்கி வலப்பக்கம், எல்லா அம்பும் வலப்பக்கம் நோக்கி. 4ஜியின் தொழினுட்பமான எல்.ரி.ஈயில், உண்மையான ஓர் இணைப்பில் வாங்கியில் இருந்து செலுத்திக்குத் திரும்பி வரும் ஓர் அம்பு இருக்கிறது. உங்கள் போன், வந்த சமிக்ஞையின் தரத்தை அளந்து 0 முதல் 15 வரையான ஓர் எண்ணாகக் கோபுரத்துக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சி.கியூ.ஐ என்பது அந்த எண். எல்.ரி.ஈயின் மூல அட்டவணைப்படி 1 முதல் 6 வரை வந்தால் கோபுரம் கிளைக்கு ஒரு பிட் வீதம் இரண்டு பிட் அனுப்பும். 7 முதல் 9 வரை என்றால் 16 குவாம், நான்கு பிட். 10 முதல் 15 வரை என்றால் 64 குவாம், ஆறு பிட். அதோடு பிழை திருத்துவதற்குச் சேர்க்கும் மேலதிகப் பிட்டுகளின் பங்கும் மாறும். 15 வந்தால் 1024 பிட்டுக்கு 948 உண்மையான செய்தி. 1 வந்தால் 78 மட்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு குறியீட்டில், அதாவது இரு கிளையும் ஒரு தடவையில் அனுப்பும் வீச்சச் சோடியில், போகும் செய்தி 5.55 பிட்டில் இருந்து 0.15 பிட்டுக்கு இறங்குகிறது, 36 மடங்கு வித்தியாசம்.

வாகரையிலோ பொத்துவிலுக்கு அப்பாலோ கோபுரத்துக்குத் தூரமான ஒரு வீட்டில் போனில் கோடுகள் தெரிந்தும் இணையம் ஊர்ந்தால், அங்கே தீர்மானப் பெட்டியின் வாசலில் எட்டு வீச்சங்களைப் பிரித்தறிய இடமில்லாமல் கோபுரம் இரண்டுக்கு இறங்கியிருக்கக்கூடும். பல எல்.ரி.ஈ ரூற்றர்களின் அமைப்புப் பக்கத்தில் இந்த எண்ணையோ, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையோ பார்க்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரூற்றரை ஒரு யன்னலில் இருந்து மற்ற யன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். எண் 9 இல் இருந்து 10 ஆக ஏறுகிற இடத்தில் ஒவ்வொரு கிளையிலும் வீச்சங்கள் நான்கில் இருந்து எட்டாகின்றன.